உட்கருவுக்குள் போவதும் வருவதும்



நம் சங்க இதழில் இதுவரை நான் எழுதியவை எல்லாம் ரயில்வே சம்பந்தப்பட்ட கட்டுரைகளே. சிக்னல், பாயிண்ட், பிளாக் கருவி என்று முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அவற்றோடே வாழ்ந்தவன் நான். படிப்பு மின்பொறியியலில் டிப்ளமா. உயிரியல் பாடத்தைப் பள்ளியோடு விட்டுவிட்டேன். அப்படிப்பட்டவன் இந்த இதழில் உயிரணுவின் உட்கருவைப் பற்றி எழுத வந்திருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என்னுடன் பல ஆண்டுகள் சிக்னல் மெயின்டெய்னராக வேலை பார்த்த நண்பர் ஒருவர். ஜோலார்பேட்டைப் பக்கத்துக்காரர். ஓய்வு பெற்ற பின் நாக்பூரிலேயே, எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளித் தங்கிவிட்டார். 2020ஆம் ஆண்டு அவருடைய வலது கைப்பிடி தளர ஆரம்பித்தது. ஸ்க்ரூடிரைவரைத் திருப்ப முடியவில்லை என்றார். வயதாகிவிட்டது என்று நானும் சிரித்துக்கொண்டே சொன்னேன். பிறகு நடக்கும்போது காலிலிருந்து செருப்பு நழுவியது. எண்ணெய் தேய்த்துப் பார்த்தார்கள், சத்து மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துத்தான் நரம்பியல் மருத்துவரிடம் போனோம். இயக்க நரம்பணு நோய் என்றார் அவர். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக அழிந்துபோகும் நோய் அது.

"எதனால் டாக்டர் இப்படி?" என்று கேட்டேன். அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். "இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு, நரம்பணுவின் உட்கருவுக்குள் இருக்க வேண்டிய ஒரு புரதம் வெளியே தங்கிக் கட்டியாகிவிடுகிறது" என்றார்.

வெளியே வந்து ஆட்டோவில் ஏறும்போது நண்பர் என்னைப் பார்த்து, "சார், அது உள்ளே போகவே இல்லையா? இல்லே, உள்ளே போய்ட்டு வெளியே வந்து நிக்குதா?" என்று கேட்டார். வண்டி ஒன்று தாமதமானால் நாங்கள் முதலில் கேட்கும் கேள்வியும் இதுதான். அன்று என்னிடம் பதில் இல்லை. "படிச்சுச் சொல்றேன்யா" என்றேன்.

கல்லூரியில் உயிரியல் கற்பிக்கும் என் மருமகளின் உதவியோடு படித்தேன். படித்தது எனக்குப் புரிந்த வகையில் இதோ. பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் சேர்ந்து படியுங்கள்.

சுவர் எதற்கு?

பள்ளியில் நம் பிள்ளைகள் நியூக்ளியஸ் என்றும், இந்தியில் கேந்திரக் என்றும் படிப்பதையே தமிழில் உட்கரு என்கிறோம். உயிரணுவின் நடுவே, இரட்டைச் சவ்வால் சூழப்பட்ட ஓர் அறை அது. பரம்பரைச் செய்திகள் எழுதப்பட்ட டி.என்.ஏ. இழைகள் அதற்குள் இருக்கின்றன. ஒரு மனித உயிரணுவின் இழைகளை நீட்டி வைத்தால் ஏறத்தாழ 2 மீட்டர் வரும். அறையின் விட்டமோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான் இருக்கும், சிலவற்றில் அதற்கும் குறைவு.

புரதங்களைத் தயாரிக்கும் பட்டறைகளான ரைபோசோம்கள் உட்கருவுக்கு வெளியே, சைட்டோபிளாசத்தில் இருக்கின்றன. மூல வரைபடம் உள்ளே, பட்டறை வெளியே. ரயில்வேயிலும் மூல டிராயிங்கைப் பட்டறைக்குக் கொடுக்க மாட்டார்கள், நகல்தான் போகும். இங்கேயும் அப்படித்தான். டி.என்.ஏ.யின் நகலாகத் தூது ஆர்.என்.ஏ. எழுதப்பட்டு, திருத்தப்பட்டு, வெளியே அனுப்பப்படுகிறது. அதைப் பார்த்துப் பட்டறை புரதத்தைச் செய்கிறது.

ஆனால் உட்கருவுக்குள்ளேயும் புரதங்கள் தேவை. டி.என்.ஏ.யைச் சுற்றி வைக்கும் ஹிஸ்டோன்கள், நகல் எடுக்கும் நொதிகள், நகலை வெட்டி ஒட்டித் திருத்தும் புரதங்கள் எல்லாம் வெளியே தயாராகி உள்ளே போக வேண்டியவை. ரைபோசோமின் கதை இன்னும் வேடிக்கையானது. அதன் புரதப் பாகங்கள் வெளியே தயாராகி உள்ளே வருகின்றன. உள்ளே ஆர்.என்.ஏ.யோடு சேர்த்துப் பொருத்தப்பட்டு, இரண்டு துணை அலகுகளாக மறுபடி வெளியே போகின்றன. ஆக, இந்தச் சுவரில் ஓயாத போக்குவரத்து நடந்துகொண்டே இருக்கிறது.

வாசல்

சுவரில் உள்ள வாசலுக்கு உட்கருத் துளைக் கூட்டமைப்பு என்று பெயர். எலக்ட்ரான் நுண்ணோக்கி புழக்கத்துக்கு வந்த புதிதில், 1950ல் கேலனும் டாம்லினும் நீர்நில வாழ்விகளின் முட்டை உயிரணுக்களில் இந்தத் துளைகளைப் படம் பிடித்து விவரித்தார்கள். ஒரு மனித உயிரணுவின் உட்கருவில் இவை சில ஆயிரம் இருக்கும். ஒவ்வொன்றும் சுமார் 30 வகைப் புரதங்களால் ஆனது. ஒவ்வொரு வகையிலும் பல பிரதிகள் சேர்வதால், மொத்தம் ஏறத்தாழ ஆயிரம் மூலக்கூறுகள் எட்டு ஆரக்கால் போட்ட சக்கரம்போல் அமைந்திருக்கின்றன. அதன் வெளி விட்டம் சுமார் 120 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்.

இந்த வாசலுக்குக் கதவு கிடையாது. துளையின் நடுவே நூலிழை போன்ற புரதங்கள் ஏராளமாக நீட்டிக்கொண்டு, ஒன்றோடொன்று பின்னி, வலை போட்டதுபோல் நிற்கின்றன. பினைல்அலனின், கிளைசின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் அந்த இழைகளில் ஜோடி ஜோடியாகத் திரும்பத் திரும்ப வரும். நீர், உப்பு, சிறு மூலக்கூறுகள் இந்த வலையைத் தடையின்றிக் கடக்கும். சுமார் 40,000 டால்டன் எடைக்கு மேற்பட்ட புரதங்கள் தாமாக நுழைவது மிகக் கடினம். (ஒரு ஹைட்ரஜன் அணுவின் எடை ஏறத்தாழ ஒரு டால்டன்.) பெரிய புரதம் உள்ளே போக வேண்டுமானால், இந்த வலை இழைகளோடு ஒட்டி ஒட்டி விலகத் தெரிந்த ஒரு துணை வேண்டும். அப்படித் துணை இருந்தால் ஒரே வாசல் வழியாக ஒரு விநாடியில் ஆயிரம் மூலக்கூறுகள் வரை போய்வர முடியும். அதுவும் இரண்டு திசைகளிலும் ஒரே சமயத்தில்!

விலாசச் சீட்டு

எந்தப் புரதத்தை உள்ளே அனுப்புவது என்று எப்படித் தெரியும்? சரக்கு வேகனின் பக்கத்தில் போய்ச் சேர வேண்டிய ஊரின் சீட்டை ஒட்டியிருப்போமே, அதுபோன்ற ஒரு சீட்டு புரதத்திலேயே இருக்கிறது.

1984ல் இது தெளிவாயிற்று. எஸ்.வி.40 என்ற வைரஸின் ஒரு பெரிய புரதம் உட்கருவுக்குள் போய்ச் சேரும் வழக்கமுடையது. அதன் அமினோ அமிலத் தொடரில் ஏழே ஏழு அமிலங்கள் கொண்ட ஒரு சிறு பகுதிதான் விலாசம் என்று கண்டார்கள். அந்த ஏழில் ஐந்து, லைசின், ஆர்ஜினின் என்ற நேர்மின்னேற்றம் கொண்ட அமிலங்கள். அவற்றில் ஒரே ஒரு லைசினை வேறு அமிலமாக மாற்றியபோது புரதம் உள்ளே போகாமல் வெளியிலேயே நின்றுவிட்டது. அந்தச் சிறு துண்டை உட்கருவுக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு புரதத்தில் ஒட்டியபோது, அது உள்ளே போய்ச் சேர்ந்தது.

வெளியே போவதற்கும் சீட்டு உண்டு. லூசின் போன்ற, நீரோடு ஒட்டாத அமிலங்கள் குறிப்பிட்ட இடைவெளியில் வரும் ஒரு சிறு தொடர் அது. சில புரதங்களில் இரண்டு சீட்டுமே இருக்கும். அவை உள்ளும் வெளியுமாக ஷட்டில் வண்டிபோல ஓடிக்கொண்டிருப்பவை.

புரதங்களுக்குள்ளேயே அவை சேர வேண்டிய இடத்தின் குறிப்பு எழுதப்பட்டிருக்கிறது என்ற அடிப்படைக் கண்டுபிடிப்புக்காக குந்தர் புளோபல் என்ற அறிஞருக்கு 1999ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

வண்டிகள்

சீட்டைப் படித்துச் சரக்கை ஏற்றிச் செல்லும் புரதங்களே இக்கட்டுரையின் நாயகர்கள். உள்ளே கொண்டு செல்பவை இம்போர்ட்டின்கள், வெளியே கொண்டு செல்பவை எக்ஸ்போர்ட்டின்கள். இறக்குமதி, ஏற்றுமதி என்று பெயரிலேயே வேலை தெரிகிறது. 1994ல் டிர்க் கோர்லிக்கும் அவருடைய சகாக்களும் இம்போர்ட்டினைப் பிரித்தெடுத்து அந்தப் பெயரைச் சூட்டினார்கள். மனிதரில் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த வண்டிகள் சுமார் 20 உண்டு. எஸ்.வி.40 வகைச் சீட்டுக்கு இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்கிறார்கள். இம்போர்ட்டின் ஆல்பா சீட்டைப் பிடித்துக்கொள்ளும், இம்போர்ட்டின் பீட்டா அதைத் துளையின் வலை வழியே நடத்திச் செல்லும்.

இந்த இடத்தில் என் மருமகள் குறுக்கிட்டார். "மாமா, வண்டின்னு எழுதுங்க, பரவாயில்லை. ஆனா இதிலே இன்ஜினும் கிடையாது, டிரைவரும் கிடையாது. அதையும் எழுதிடுங்க" என்றார். உண்மைதான். இம்போர்ட்டினை எதுவும் தள்ளுவதும் இல்லை, இழுப்பதும் இல்லை. திருவிழாக் கூட்டத்தில் அகப்பட்டவர்போல் அது அங்குமிங்கும் முட்டிமோதி அலைகிறது. சில மில்லி விநாடிகளில் துளையைக் கடந்துவிடும், ஆனால் கடந்த வேகத்தில் திரும்பியும் வந்துவிடலாம். வாசலும் திசை பார்ப்பதில்லை.

அப்படியானால் சரக்கு உள்ளே போய்ச் சேர்வது எப்படி? இதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்த கேள்வி. விடை ரான் என்ற ஒரு சிறு புரதத்தில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது நாங்கள் பராமரித்த டோக்கன் கருவி.

டோக்கன்

ஒற்றைப் பாதையில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் வந்துவிடக் கூடாது. அதற்காக அந்நாளில் இரண்டு ஸ்டேஷன்களுக்கும் ஒவ்வொன்றாக நீல் பந்து டோக்கன் கருவி வைத்திருந்தோம். இரண்டுக்கும் மின் இணைப்பு உண்டு. கருவிக்குள் இரும்புப் பந்துகள் இருக்கும். ஒரு பந்தை வெளியே எடுத்துவிட்டால், அது ஏதாவது ஒரு கருவிக்குள் திரும்பப் போடப்படும்வரை இரண்டிலிருந்தும் வேறு பந்து வராது. பந்தைப் பையில் வைத்து, பிரம்பு வளையத்தில் மாட்டி டிரைவரிடம் நீட்டுவார்கள். அவர் அதை அடுத்த ஸ்டேஷனில் ஒப்படைப்பார்.

இதில் ஒரு தொல்லை உண்டு. ஒரு பக்கத்திலிருந்தே அதிக வண்டிகள் போனால், பந்துகள் எல்லாம் எதிர் ஸ்டேஷனில் சேர்ந்துவிடும். இந்தப் பக்கம் கருவி காலியாகிவிடும். அப்போது வண்டி தயார், பாதை காலி, ஆனால் டோக்கன் இல்லை. மெயின்டெய்னர் போய் எதிர்ப்பக்கக் கருவியைத் திறந்து, பந்துகளை எண்ணி, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டு, பையில் சுமந்துவந்து இந்தப் பக்கம் நிரப்ப வேண்டும். எங்கள் செக்‌ஷனில் அதைச் செய்தவர் என் நண்பர்தான். மழைக்காலத்தில் அந்தப் பையோடு நனைந்துகொண்டு அவர் இறங்கி வருவது இன்னும் என் கண்முன் நிற்கிறது.

இப்போது ரானுக்கு வருவோம். ரான் தன்னோடு ஒரு சிறு மூலக்கூறை வைத்திருக்கும். அதில் மூன்று பாஸ்பேட் இருந்தால் நிறை ரான் என்றும், இரண்டே இருந்தால் குறை ரான் என்றும் நம் வசதிக்காகச் சொல்லிக்கொள்வோம். குறை ரானை நிறை ரானாக்க உதவும் புரதம் ஆர்.சி.சி.1. அது உட்கருவுக்குள் டி.என்.ஏ.யோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நிறை ரானைக் குறை ரானாக்கத் தூண்டும் புரதம் ரான்காப். அது உட்கருவுக்கு வெளியே, வாசலின் வெளிப்புறத்தில் காத்திருக்கிறது. இதனால் உட்கருவுக்குள் நிறை ரான் மிகுதி, வெளியே அது அரிது. எது உள், எது வெளி என்று வண்டிக்கு உணர்த்தும் பெயர்ப்பலகை இந்த வேறுபாடுதான்.

இம்போர்ட்டின் சரக்கோடு உள்ளே வருகிறது. உள்ளே நிறை ரான் அதைப் பற்றிக்கொள்கிறது. பற்றியதும் இம்போர்ட்டினின் பிடி மாறி, சரக்கு இறங்கிவிடுகிறது. இம்போர்ட்டின் நிறை ரானைச் சுமந்துகொண்டு வெளியே வருகிறது. வாசலுக்கு வெளியே ரான்காப் ஒரு பாஸ்பேட்டை வெட்டச் செய்கிறது. குறை ரானாக அது உதிர்ந்துவிட, இம்போர்ட்டின் அடுத்த சரக்குக்குத் தயார்.

எக்ஸ்போர்ட்டினுக்கு இது நேர்மாறு. நிறை ரான் கூட இருந்தால்தான் அது சரக்கை இறுகப் பிடிக்கும். ஆகவே உள்ளே மூவரும் ஒன்றாகச் சேர்ந்து கிளம்புகிறார்கள். வெளியே பாஸ்பேட் வெட்டுப்பட்டதும் ரானும் சரக்கும் பிரிந்துவிடுகின்றன. எக்ஸ்போர்ட்டின் காலியாக உள்ளே திரும்புகிறது.

கூட்டிப் பாருங்கள். சரக்கு உள்ளே போனாலும் ஒரு ரான் வெளியே வருகிறது. சரக்கு வெளியே போனாலும் ஒரு ரான் வெளியே வருகிறது. எல்லா வண்டியும் ஒரே பக்கம் ஓடும் செக்‌ஷன் மாதிரி! டோக்கன்கள் வெளியே குவிந்துகொண்டே போனால் சற்று நேரத்தில் போக்குவரத்தே நின்றுவிடும். அதற்கென்று ஒரு மெயின்டெய்னர் இருக்கிறார். என்.டி.எஃப்.2 என்பது அந்தச் சிறு புரதத்தின் பெயர். வெளியே கிடக்கும் குறை ரான்களைப் பொறுக்கி வாசல் வழியே உள்ளே கொண்டுவந்து சேர்ப்பதே அதன் வேலை. இதை நண்பரிடம் சொன்னபோது அவருக்குப் பேச்சு குழற ஆரம்பித்திருந்தது. ஆனாலும் சிரித்துவிட்டு, "அப்ப அங்கேயும் ஒருத்தன் பையைத் தூக்கிட்டு அலையறான்" என்றார்.

(தூது ஆர்.என்.ஏ. பெரும்பாலும் வேறு வகை வண்டியில், ரானின் உதவியின்றியே வெளியேறுகிறது. குழப்பம் வேண்டாம் என்று அதை இங்கே விட்டுவிடுகிறேன்.)

திசை எங்கே இருக்கிறது?

திசையைத் தீர்மானிப்பது ரானின் ஏற்றத்தாழ்வுதான் என்பதற்கு அழகான ஒரு சோதனை உண்டு. 1999ல் நாச்சுரி, வைஸ் என்ற இரு ஆய்வாளர்கள், வெளிச்சவ்வைத் துளையிட்டுத் திறந்த உயிரணுக்களில், வழக்கத்துக்கு மாறாக உட்கருவுக்கு வெளியே நிறை ரான் மிகுந்திருக்கும்படி செய்தார்கள். வாசல் அதே வாசல், வண்டிகளும் அதே வண்டிகள். ஆனால் போக்குவரத்தின் திசை தலைகீழாகத் திரும்பிவிட்டது. வெளியே போகும் சீட்டுள்ள சரக்கு உள்ளே போய்ச் சேர்ந்தது.

பிள்ளைகள் இந்தப் பாடத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால், இதை வைத்துக்கொள்ளட்டும். திசை வாசலிலும் இல்லை, வண்டியிலும் இல்லை. இரு முனைகளுக்கும் இடையே ஓயாமல் காக்கப்படும் வேறுபாட்டில் இருக்கிறது. அந்த வேறுபாட்டைக் காக்க ஒவ்வொரு நடைக்கும் ஒரு பாஸ்பேட் செலவாகிறது. அதாவது நாம் உண்ணும் உணவின் ஆற்றல் செலவாகிறது.

பிசகினால்?

இனி, நண்பரின் கேள்விக்கு வருகிறேன்.

எஃப்.யு.எஸ். என்று ஒரு புரதம். 526 அமினோ அமிலங்கள் கொண்டது. அதன் விலாசச் சீட்டு தொடரின் கடைசி முனையில் இருக்கிறது. அந்தச் சீட்டைப் படிக்கும் வண்டியின் பெயர் டிரான்ஸ்போர்ட்டின். இயக்க நரம்பணு நோய் பரம்பரையாக வரும் குடும்பங்களில் சிலவற்றில் இந்தப் புரதத்தின் மரபணுவில் பிழை இருப்பதை 2009ல் கண்டுபிடித்தார்கள். பிழைகளில் பல அந்தக் கடைசி முனையிலேயே இருந்தன. உதாரணமாக, 525வது இடத்தில் புரோலினுக்குப் பதில் லூசின் வந்துவிட்டால் டிரான்ஸ்போர்ட்டினின் பிடி நழுவுகிறது. புரதம் வெளியே தேங்குகிறது. அந்தப் பிழை உள்ளவர்களுக்கு இளம் வயதிலேயே கடுமையாக நோய் வருவதுண்டு. 526 எழுத்தில் ஒரே ஓர் எழுத்துப் பிழை!

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. எஃப்.யு.எஸ். போன்ற புரதங்கள் கூட்டம் சேர்ந்தால் ஒட்டிக் கட்டியாகும் சுபாவம் உள்ளவை. டிரான்ஸ்போர்ட்டின் அவற்றைச் சுமப்பதோடு நிற்காமல், ஒட்டிக்கொள்ளாமலும் பார்த்துக்கொள்கிறது என்று 2018ல் பல ஆய்வுக் குழுக்கள் ஒரே சமயத்தில் காட்டின. நல்ல பார்சல் கிளார்க் கண்ணாடிச் சாமானுக்கு நடுவே வைக்கோல் வைப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் நண்பருக்கு அந்தப் பரம்பரைப் பிழை கிடையாது. இந்த நோய் வருவோரில் பத்தில் ஒன்பது பேருக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்கும் வந்திராது. டாக்டர் சொன்ன புரதம் டி.டி.பி.43. நோயாளிகளின் நரம்பணுக்களில் கட்டியாகிக் கிடப்பது அதுவே என்று 2006ல் தெரியவந்தது. இந்த நோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் இதைக் காணலாம். அது உள்ளேயும் வெளியேயும் போய்வரும் புரதம். ஆனால் பெரும்பாலான நேரம் உட்கருவுக்குள் இருந்து, ஆர்.என்.ஏ. நகல்களைச் சரியாக வெட்டி ஒட்டுவதில் பங்கு வகிக்க வேண்டியது. அது வெளியே தங்கிவிட்டால் இரட்டை நஷ்டம். உள்ளே வேலை பார்க்க ஆள் இல்லை. வெளியே பாதையில் தடை.

ஆகவே நண்பரின் கேள்விக்கு என் பதில் இது: அது உள்ளே போனதும் உண்டு, வெளியே வந்ததும் உண்டு. தினமும் போய்வந்துகொண்டிருந்ததுதான். போய்வருவதில் இருந்த கணக்கு ஒரு நாள் பிசகிவிட்டது. வெளியே வந்தது திரும்பவில்லை. ஏன் பிசகுகிறது என்பதில்தான் இன்று உலகெங்கும் ஆய்வு நடக்கிறது. சீட்டிலா, வண்டியிலா, வாசலிலா, கட்டியாவது முந்தியா, தேங்குவது முந்தியா என்று ஒவ்வொரு படியாகச் சோதிக்கிறார்கள். பழுது பார்க்க நாங்கள் போகும்போதும் ஒவ்வொரு ரிலேயாகத்தான் பார்ப்போம்.

இந்த அறிவால் மருந்து வருமா என்று கேட்கலாம். வேறு ஒரு நோயில் வந்திருக்கிறது. சில புற்றுநோய் அணுக்களில் எக்ஸ்போர்ட்டின்1 அளவுக்கு மீறி வேலை செய்து, அணுவைக் கட்டுப்படுத்தும் காவல் புரதங்களை உட்கருவிலிருந்து வெளியேற்றிவிடுகிறது. எக்ஸ்போர்ட்டின் சீட்டைப் பிடிக்கும் பள்ளத்தில் போய் உட்கார்ந்து அதை முடக்கும் செலினெக்ஸார் என்ற மருந்துக்கு, மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்காக 2019ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வாசலில் நடக்கும் போக்குவரத்தைப் புரிந்துகொண்டதால் பிறந்த மருந்து அது. நரம்பணுக்களுக்கும் ஒரு நாள் வரும் என்று நம்புகிறேன்.

முடிவாக

என் நண்பர் 2023ஆம் ஆண்டு காலமானார். கடைசி மாதங்களில் பேச முடியவில்லை. எழுத்துப் பலகையைக் கண்ணால் காட்டிப் பேசுவார். நான் படித்ததை வாரம் ஒரு முறை போய்ச் சொல்வேன். ஒரு நாள் அவருடைய மனைவி, "அண்ணே, இதெல்லாம் தெரிஞ்சு இனிமே என்ன ஆகப்போகுது?" என்று கேட்டார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நண்பர் பலகையைக் கேட்டார். ஒவ்வொரு எழுத்தாகக் காட்டினார். "பழுது எங்கேன்னு தெரியணும்" என்று வந்தது.

அதனால்தான் இதை எழுதினேன். இதைப் படிக்கும் நம் பிள்ளைகளில் யாராவது ஒருவர் அந்தப் பழுதைத் தேடிப் போகலாம்.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. தொடு உணர்ச்சி குறையாமல் கை அல்லது காலின் வலிமை மட்டும் நாளுக்கு நாள் குறைந்தால், சதை மெலிந்து துடித்தால், பேச்சு குழறினால், வயது என்று தள்ளிவிடாதீர்கள். இவை வேறு பல காரணங்களாலும் வரலாம். அவற்றில் சரிசெய்யக் கூடியவையும் உண்டு. ஆகவே ஒரு நரம்பியல் மருத்துவரிடம் விரைவில் காட்டிவிடுங்கள். நாங்கள் இழந்த ஒரு வருடத்தை நீங்கள் இழக்க வேண்டாம்.

பிள்ளைகளுக்குச் சில கேள்விகள்:

1. ரைபோசோமின் புரதப் பாகங்கள் எத்தனை முறை உட்கருவின் வாசலைக் கடக்கின்றன?

2. விலாசச் சீட்டில் ஒரு லைசின் மாறினால் என்ன ஆகும்?

3. ஆர்.சி.சி.1 உட்கருவுக்கு வெளியேயும், ரான்காப் உள்ளேயும் இருந்தால் போக்குவரத்து எப்படி இருக்கும்?

4. என்.டி.எஃப்.2 வேலைநிறுத்தம் செய்தால், முதலில் நிற்பது உள்ளே போகும் சரக்கா, வெளியே போகும் சரக்கா, இரண்டுமா? காரணம் சொல்க.

விடைகளைத் தமிழில் எழுதி, ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பில் என்னிடம் கொடுக்கலாம். எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டேன். ஆனால் ஓர் எழுத்துப் பிழை என்ன செய்யும் என்பதை இப்போது நீங்களே அறிவீர்கள்.